ஜிம்மி க்வின்: நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த கோல் மன்னன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்மில் பலருக்கு ஸ்காட்லாந்துக் கால்பந்து என்றால் கென்னி டல்கிலிஷ் நினைவுக்கு வருவார், அல்லது மேனேஜராக அலெக்ஸ் ஃபெர்குசன். அவர்களுக்கெல்லாம் முன்னால் கிளாஸ்கோ நகரத்தையே தன் பெயரைச் சொல்லிக் கத்த வைத்த ஒருவர் இருந்தார். செல்டிக் கிளப்பின் சென்டர் ஃபார்வர்ட், அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் போடுபவர், ஜிம்மி க்வின். அவரைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

யார் இந்த ஜிம்மி க்வின்?

1878 ஜூலை 8 அன்று ஸ்காட்லாந்தின் க்ராய் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். 1901 முதல் 1915 வரை செல்டிக் என்ற ஒரே கிளப்புக்கு ஆடினார். லீக், ஸ்காட்டிஷ் கோப்பை இரண்டும் சேர்த்து 331 ஆட்டங்களில் 217 கோல்கள். ஸ்காட்லாந்து அணிக்காக 11 ஆட்டங்களில் 7 கோல்கள். 1905 முதல் 1910 வரை செல்டிக் தொடர்ந்து ஆறு முறை லீக் பட்டம் வென்றபோது அந்த அணியின் முன்வரிசைக்கு நடுவில் நின்றவர் இவர்தான்.

வட அயர்லாந்துக்கு ஆடிய ஜிம்மி க்வின்னும் இவரும் ஒருவரா?

இல்லை. அவர் 1959இல் பிறந்தவர், 1980களிலும் 90களிலும் ஆடியவர். இணையத்தில் பெயரைத் தட்டினால் சில சமயம் அவர்தான் முதலில் வருவார். நாம் பேசுவது அவருக்கு இரண்டு மூன்று தலைமுறை முந்தியவரைப் பற்றி.

க்ராய் எங்கே இருக்கிறது? அங்கிருந்து ஒரு கால்பந்து வீரர் எப்படி வந்தார்?

கிளாஸ்கோவிலிருந்து எடின்பரோ போகும் ரயில் பாதையில், வடகிழக்கே சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது. க்வின் பிறந்த காலத்தில் அங்கே எல்லாமே நிலக்கரிதான். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சுரங்க வேலையை நம்பி அந்த வட்டாரத்தில் குடியேறியிருந்தன. க்வின்னின் குடும்பமும் அப்படி வந்ததுதான். பையன்கள் வளர்ந்ததும் அப்பாவோடு சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். க்வின்னும் இறங்கினார்.

சுரங்க வேலை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தாழ்வான குகையில் குனிந்தும் மண்டியிட்டும் மணிக்கணக்காகக் கரியை வெட்ட வேண்டும். தோளும் முதுகும் இரும்பாகிவிடும். பின்னாளில் தடுப்பாட்டக்காரர்கள் மோதி மோதித் தோற்றுப்போன அந்தத் தோள்கள் அங்கே உருவானவை. உடற்பயிற்சிக் கூடமெல்லாம் அவர் காலத்தில் ஏது? சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் ஊர்ப் பையன்களோடு பந்து விளையாட்டு. ஸ்மித்ஸ்டன் ஆல்பியன் என்ற உள்ளூர் ஜூனியர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ஸ்காட்லாந்தில் 'ஜூனியர்' என்பது வயதைக் குறிப்பதல்ல, பெரிய லீகுக்கு வெளியே இருந்த ஒரு கால்பந்து அடுக்கின் பெயர்.

செல்டிக் அவரை எப்படிக் கண்டுபிடித்தது?

வில்லி மேலி என்பவர் 1897 முதல் 1940 வரை செல்டிக்கின் மேனேஜர். நாற்பது வருடத்துக்கும் மேல் ஒரே நாற்காலி! வேறொரு வீரரைப் பார்க்க ஒரு ஜூனியர் ஆட்டத்துக்குப் போன மேலியின் கண் இடது ஓரத்தில் ஆடிய க்வின் மேல் விழுந்ததாகச் செல்டிக் வட்டாரத்தில் சொல்வார்கள்.

ஆனால் க்வின் வரமாட்டேன் என்றார். கூச்ச சுபாவம். பெரிய கிளப், பெரிய நகரம், நமக்கு எதற்கு என்ற தயக்கம். "நான் வந்து கேட்டேன் என்று கிளப்பில் காட்ட வேண்டும், ஒரு கையெழுத்து மட்டும் போடு" என்கிற மாதிரிப் பேசித்தான் மேலி அவரிடம் கையெழுத்து வாங்கினார் என்பது அந்தக் கதையின் மீதி. எப்படியோ, 1901 ஜனவரியில் க்வின் செல்டிக் சட்டையைப் போட்டுவிட்டார். அதே வசந்தத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்திலும் ஆடினார். ஹார்ட்ஸ் அணியிடம் 4-3 என்று தோல்வி.

முதல் மூன்று வருடங்கள் அவர் பெரும்பாலும் இடது ஓரத்தில்தான் ஆடினார். பரவாயில்லை என்று சொல்லக்கூடிய வீரர், அவ்வளவுதான். ஆனால் மேலி பொறுமையாக இருந்தார். விலை கொடுத்துப் பெரிய பெயர்களை வாங்குவதை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்து இளைஞர்களைச் சேர்த்து ஓர் அணியை வளர்ப்பது என்று அப்போது முடிவெடுத்திருந்தார் அவர். அந்த முடிவு இல்லையென்றால் இந்தப் பக்கமே இல்லை.

அந்தக் காலத்துக் கால்பந்து இன்றைய ஆட்டம் மாதிரியே இருந்ததா?

பார்த்தவுடன் கால்பந்து என்று தெரியும். ஆனால் உள்ளே நிறைய வித்தியாசம். இதைப் புரிந்துகொள்ளாமல் க்வின்னைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பந்து. தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே ரப்பர் பை வைத்து ஊதி, மேலே செருப்புக் கயிறு போல நாடா போட்டு இறுக்கியிருப்பார்கள். மழையில் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். கிளாஸ்கோவில் மழைக்குப் பஞ்சமே கிடையாது. தலையால் முட்டும்போது அந்த நாடாப் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழியும். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் வரும், முனை கெட்டியாக இருக்கும், அடியில் தோலை அடுக்கி ஆணி அடித்த குமிழ்கள். சட்டையில் எண் கிடையாது. மாற்று வீரரும் கிடையாது. ஒருவருக்குக் கால் உடைந்தால் மீதி ஆட்டத்துக்குப் பத்துப் பேர்தான்.

அணி நிற்கும் விதம் 2-3-5. பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று, முன்னால் ஐந்து. ஆஃப்சைடு விதி இன்றைவிடக் கடுமை: பந்து உதைக்கப்படும் நேரத்தில் உங்களுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். 1925இல்தான் அது இரண்டாகக் குறைந்தது. கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம். 1912இல்தான் அதைப் பெனால்டி கட்டத்துக்குள் சுருக்கினார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தோளால் இடிப்பது. அது முழுக்கச் சட்டபூர்வமான ஆட்டமுறை. கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கும்போது அவரை இடித்துப் பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளினால் அது கோல்! சென்டர் ஃபார்வர்டின் வேலையில் பாதி இதுதான். அதே உரிமை தடுப்பாட்டக்காரர்களுக்கும் உண்டு. க்வின் பந்தை எடுத்துக்கொண்டு நேராக ஓடுவார், இரண்டு பேர் இரண்டு பக்கமும் வந்து மோதுவார்கள், மூன்று பேரில் நின்றுகொண்டிருப்பவர் பெரும்பாலும் க்வின்தான்.

1902ஆம் ஆண்டுக் கோப்பை பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

அந்தக் கோப்பைக்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 1902 ஏப்ரல் 5. கிளாஸ்கோவில், செல்டிக்கின் பரம எதிரியான ரேஞ்சர்ஸ் கிளப்பின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை போட்டு எழுப்பிய படிவரிசையில் கூட்டம் நெருக்கியடித்து நின்றிருந்தது. பலகைகள் உடைந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் சுமார் 12 மீட்டர் ஆழத்தில் விழுந்தார்கள். 25 பேர் இறந்தார்கள், 500க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம்.

நிவாரண நிதி திரட்ட ரேஞ்சர்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. முந்தைய வருடம் கிளாஸ்கோ பொருட்காட்சியையொட்டி நடந்த போட்டியில் தான் வென்ற கோப்பையைப் பரிசாக வைத்து ஒரு சிறு போட்டியை அறிவித்தது. ஸ்காட்லாந்திலிருந்து ரேஞ்சர்ஸ், செல்டிக். இங்கிலாந்திலிருந்து சண்டர்லேண்ட், எவர்ட்டன். இறுதி ஆட்டம் ஜூன் 17 அன்று கேத்கின் பார்க்கில், ரேஞ்சர்ஸுக்கும் செல்டிக்குக்கும். கூடுதல் நேரம் வரை இழுத்து 3-2 என்று செல்டிக் வென்றது. மூன்று கோலும் க்வின். கடைசி கோல் கூடுதல் நேரமும் முடியப்போகிற தறுவாயில்.

அந்தக் கோப்பை இன்றும் செல்டிக் வசம் இருக்கிறது. அருகில் போய்ப் பார்த்தால் அதில் பொறித்திருப்பது 'ரேஞ்சர்ஸ் வென்றது' என்று. எழுத்தை யாரும் மாற்றவில்லை. எதிரி கிளப்பின் பெயர் தாங்கிய கோப்பை ஒன்றை நூறு வருடங்களுக்கும் மேலாக ஒரு கிளப் பத்திரமாக வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனக்கும். இறந்தவர்களுக்காக ஆடிய ஆட்டம் அது.

1904 இறுதி ஆட்டத்தில் என்ன நடந்தது?

இதைத்தான் எல்லாரும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

1904 ஏப்ரல் 16, ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம். இடம், முந்தைய அக்டோபரில்தான் திறந்திருந்த புது ஹாம்ப்டன் பார்க். செல்டிக்குக்கும் ரேஞ்சர்ஸுக்கும். 64,000க்கும் மேல் கூட்டம். செல்டிக் வீரர்கள் பச்சையும் வெள்ளையும் குறுக்குப் பட்டைகளாகப் போட்ட சட்டையில் இறங்கினார்கள். இன்று உலகமே செல்டிக்கை அடையாளம் காணும் அந்தச் சட்டை அப்போது புதுசு, முதல் பருவம். அதுவரை பட்டைகள் செங்குத்தாக இருந்தன.

செல்டிக்கின் வழக்கமான சென்டர் ஃபார்வர்ட் அலெக் பென்னெட். அவர் ரேஞ்சர்ஸுக்குத் தாவப்போகிறார் என்ற வதந்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மேலி யோசித்தார். பென்னெட்டை உட்கார வைத்துவிட்டு, இடது ஓரத்துக்காரரான க்வின்னை நடுவில் நிறுத்தினார்.

ஆட்டம் ஆரம்பித்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ரேஞ்சர்ஸ் இரண்டு கோல் போட்டது. இரண்டுமே ஃபின்லே ஸ்பீடி. செல்டிக் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அப்புறம் க்வின் ஓட ஆரம்பித்தார். ரேஞ்சர்ஸின் பின்வரிசையில் நின்ற இருவர் நிக் ஸ்மித்தும் ஜாக் டிரம்மண்டும். ஸ்காட்லாந்து அணிக்கு ஆடியவர்கள், அனுபவசாலிகள். டிரம்மண்ட் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு ஆடுவதற்குப் பேர்போனவர். அந்த இருவருக்கும் நடுவில் புகுந்து புகுந்து வந்தார் க்வின். இடைவேளைக்குள் ஒன்று, இன்னொன்று, ஆட்டம் 2-2. இரண்டாம் பாதியின் பிற்பகுதியில் மூன்றாவதும் விழுந்தது. 3-2.

பல பெரிய பெயர்கள் வந்துபோன அந்த இருபதாம் நூற்றாண்டு முழுக்க, ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹாட்ரிக் போட்டவர்கள் மூன்றே பேர். முதலில் க்வின். அடுத்தவர் வர 68 வருடம் ஆனது: 1972இல் செல்டிக்கின் டிக்ஸி டீன்ஸ். மூன்றாமவர் 1996இல் ரேஞ்சர்ஸின் கார்டன் டூரி. ஆனால் ஹைபர்னியனை டீன்ஸின் அணி 6-1 என்றும், ஹார்ட்ஸை டூரியின் அணி 5-1 என்றும் வென்றன. அடைமழையில் விழுந்த துளிகள் போலத்தான் அந்தக் கோல்கள். க்வின்னின் அணியோ 0-2 என்று பின்தங்கியிருந்தது, அவர் போட்ட மூன்றைத் தவிர வேறு கோலே இல்லை. என் கணக்கில் மூன்றில் பெரியது இதுதான்.

அன்றிலிருந்து அவர் சென்டர் ஃபார்வர்ட். பென்னெட் வலது ஓரத்துக்கு மாறி, அங்கே அருமையாக ஆடி, 1908இல் நிஜமாகவே ரேஞ்சர்ஸுக்குப் போனார்.

'ஓல்ட் ஃபர்ம்' என்ற பெயர் அந்த ஆட்டத்தில்தான் பிறந்ததா?

செல்டிக்கையும் ரேஞ்சர்ஸையும் சேர்த்துச் சொல்லும் பெயர் அது, 'பழைய கம்பெனி' என்று பொருள். அந்த ஆட்டத்தையொட்டிப் பிறந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த இறுதி ஆட்டத்துக்கு முன்னால் 'ஸ்காட்டிஷ் ரெஃப்ரி' என்ற விளையாட்டுப் பத்திரிகை ஒரு கேலிச்சித்திரம் போட்டது. விளம்பரப் பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். பலகையில், 'பழைய கம்பெனிக்கு ஆதரவு தாருங்கள்: ரேஞ்சர்ஸ், செல்டிக் லிமிடெட்' என்கிற பொருளில் வாசகம். இரண்டு கிளப்பும் அடிக்கடி மோதிக்கொண்டு டிக்கெட் வசூலில் கொழிக்கின்றன என்ற குத்தல் அதில் இருந்தது. ஐந்து வருடம் கழித்து அந்தக் குத்தல் எங்கே போய் நின்றது என்பதைக் கீழே சொல்கிறேன்.

க்வின் முரட்டு ஆட்டக்காரர், அடாவடிக்காரர் என்று சொல்கிறார்களே?

இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

1905 மார்ச் 25. செல்டிக் பார்க்கில் ரேஞ்சர்ஸுடன் கோப்பை அரையிறுதி. ரேஞ்சர்ஸ் 2-0 என்று முன்னிலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது க்வின்னும் ரேஞ்சர்ஸின் அலெக் கிரெய்கும் மோதிக்கொள்கிறார்கள். கிரெய்க் கீழே விழும்போது க்வின்னின் காலைப் பிடித்துக்கொள்கிறார், க்வின் காலை உதறுகிறார். நடுவர் அதை உதை என்று எடுத்துக்கொண்டு க்வின்னை வெளியே அனுப்பிவிட்டார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. ஆட்டம் நின்றுபோனது, செல்டிக் விட்டுக்கொடுத்தது.

கால்பந்துச் சங்கம் விசாரித்தது. அப்போது க்வின்னுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவர் யார் தெரியுமா? அதே கிரெய்க். அவர் என்னை உதைக்கவில்லை என்று எதிரணிக்காரரே சொன்னார். அப்படியும் க்வின்னுக்கு ஒரு மாதத் தடை.

1907 புத்தாண்டு தினத்தில் மறுபடியும் ரேஞ்சர்ஸுடன் ஆட்டம், மறுபடியும் வெளியேற்றம். இந்த முறை ஜோ ஹென்ட்ரி என்பவரோடு நடந்த மோதல். தடை இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்துக்கு அவர் குடும்பம் கஷ்டப்படக்கூடாது என்று ரசிகர்கள் காசு திரட்டிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கிளாஸ்கோவின் தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்த ஏழை ஜனங்கள்.

அவர் இடிப்பார், பலமாகவே இடிப்பார். விதி அதை அனுமதித்தது. ஆனால் பதினான்கு வருடத்தில் அவர் வாங்கிய உதைகள்தான் அவர் கொடுத்தவற்றைவிடப் பல மடங்கு. அவர் முழங்காலே அதற்குச் சாட்சி. ஓரமாக ஒதுங்கி ஆடத் தெரியாத மனிதர், அவ்வளவுதான்.

அந்த ஆறு லீக் பட்டங்களில் க்வின்னோடு ஆடியவர்கள் யார்?

பழைய செல்டிக் ரசிகர்கள் மந்திரம் போல ஒப்பிக்கும் பெயர் வரிசை ஒன்று உண்டு. நடுவில் யங், லோனி, ஹே. முன்னால் பென்னெட், மெக்மெனமி, க்வின், சோமர்ஸ், ஹாமில்டன். ஜிம்மி மெக்மெனமிக்கு 'நெப்போலியன்' என்று பட்டப்பெயர், ஆட்டத்தின் போக்கை மூளையால் நடத்துபவர் என்பதால். மெக்மெனமியும் பீட்டர் சோமர்ஸும் பந்தைச் சின்னச் சின்னதாகத் தட்டி எதிரணியை இழுத்து வைப்பார்கள். இடைவெளி தெரிந்த கணத்தில் பந்து க்வின்னின் முன்னால் போய் விழும். செல்டிக் ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளின் பசி தீர்க்கப் கத்தோலிக்கத் துறவி வால்ஃப்ரிட் 1887இல் தொடங்கிய கிளப் என்றாலும், 'சன்னி ஜிம்' யங் போலப் புராட்டஸ்டன்ட்களும் ஆரம்பத்திலிருந்தே அங்கே ஆடினார்கள்.

அந்த ஆறில் இரண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1905இல் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் ஆளுக்கு 41 புள்ளி. இன்றைய கோல் வித்தியாசக் கணக்கு இருந்திருந்தால் பட்டம் ரேஞ்சர்ஸுக்குப் போயிருக்கும். அப்போது அந்த விதி இல்லை, அதனால் மே 6 அன்று ஹாம்ப்டனில் தனியாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். பாரபட்சம் என்ற பேச்சு வரக்கூடாது என்று இங்கிலாந்திலிருந்து நடுவரை வரவழைத்தார்கள். செல்டிக் 2-1.

1909 இன்னும் மோசம். கோப்பை ஆட்டங்களால் லீக் ஆட்டங்கள் தேங்கிப்போய், பன்னிரண்டு நாளில் எட்டு ஆட்டம் ஆட வேண்டிய நிலை. மாற்று வீரர் இல்லாத காலம், கனத்த பந்து, சேற்று மைதானம். ஏப்ரல் 30 அன்று ஹாமில்டனில் கடைசி ஆட்டத்தை வென்று, டண்டீயை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள். 51க்கு 50. தொடர்ந்து ஆறு பட்டம் என்ற அந்தச் சாதனையை 1970களில்தான், மேனேஜர் ஜாக் ஸ்டீனின் செல்டிக் தொடர்ந்து ஒன்பது பட்டம் வென்று தாண்டியது.

நடுவில் 1907இல் லீக், கோப்பை இரண்டையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் ஸ்காட்டிஷ் கிளப்பாகவும் ஆனார்கள். அடுத்த வருடம் அதையே திரும்பச் செய்தார்கள்.

1909 கோப்பையை ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை?

மறுபடியும் ஹாம்ப்டன், மறுபடியும் ரேஞ்சர்ஸ். ஏப்ரல் 10 அன்று முதல் ஆட்டம் 2-2. செல்டிக்கின் முதல் கோல் க்வின்னுடையது. ரேஞ்சர்ஸின் ஒரு கோலைப் போட்டவர் அலெக் பென்னெட், ஆமாம், அதே பென்னெட். செல்டிக் சமன் செய்த கோல் அந்தக் காலத்து ஆட்டத்துக்கு நல்ல உதாரணம். பந்தைப் பிடித்த ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் ஹாரி ரென்னி, க்வின் இடிக்க ஓடி வருவதைப் பார்த்து விலகித் திரும்பினார். திரும்பியதில் பந்தோடு கோல் கோட்டைத் தாண்டிவிட்டார். க்வின் அவரைத் தொடவே இல்லை.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 17 அன்று மறு ஆட்டம். 1-1. செல்டிக்கின் கோல் க்வின். கூடுதல் நேரம் உண்டு என்று கூட்டம் நம்பியது, சில வீரர்களும் மைதானத்திலேயே நின்றார்கள். விதிப்படி அப்போது கூடுதல் நேரம் இல்லை. மூன்றாவது முறையும் காசு பிடுங்கத்தான் வேண்டுமென்றே சமன் செய்கிறார்கள் என்ற சந்தேகம் வெடித்தது. இரண்டு அணியின் ரசிகர்களும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள், டிக்கெட் கொடுக்கும் கூண்டுகளை உடைத்துத் தீ வைத்தார்கள், அணைக்க வந்தவர்களின் தண்ணீர்க் குழாய்களை அறுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். இரண்டு கிளப்பும் மூன்றாவது ஆட்டம் வேண்டாம் என்றன. அந்த வருடம் கோப்பையும் இல்லை, பதக்கமும் இல்லை. இரண்டு ஆட்டத்திலும் கோல் போட்ட க்வின்னுக்கு அந்த இறுதிப் போட்டியிலிருந்து கையில் எதுவும் மிஞ்சவில்லை.

ஸ்காட்லாந்துக்கு வெறும் 11 ஆட்டம்தானா?

அந்தக் காலத்தில் 11 என்பது நல்ல எண்ணிக்கை. ஸ்காட்லாந்து ஆடியது இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகளோடு மட்டும், வருடத்துக்கு மூன்றே ஆட்டம். உலகக் கோப்பை தொடங்கவே இல்லை. 1908 மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்தை 5-0 என்று வென்றபோது நான்கு கோல் அவருடையது. ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை அயர்லாந்து மண்ணிலேயே நான்கு போட்டார். 1910 ஏப்ரலில் ஹாம்ப்டனில் லட்சம் பேருக்கு மேல் கூடியிருக்க, இங்கிலாந்தை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் மெக்மெனமி, இன்னொன்று க்வின். ஸ்காட்லாந்து ரசிகர்களுக்கு இங்கிலாந்தை வெல்வதற்கு மேல் வேறு என்ன வேண்டும்?

பணம் நிறையச் சம்பாதித்தாரா?

சுரங்கக் கூலியோடு ஒப்பிட்டால் நல்ல சம்பளம், இன்றைய வீரர்களோடு ஒப்பிடவே முடியாது. ஸ்காட்லாந்தில் 1893இல்தான் சம்பளத்துக்கு ஆடுவது சட்டபூர்வமானது. இங்கிலாந்தில் 1901 முதல் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது, ஸ்காட்லாந்தில் அப்படி வரம்பு இல்லை. அப்படியும் தெற்கே போன ஸ்காட்லாந்து வீரர்கள் ஏராளம். க்வின் போகவில்லை. க்ராயிலேயே குடியிருந்தார், ஆட்டத்துக்கு ரயிலில் வந்தார், முடிந்ததும் ரயிலில் ஊர் திரும்பினார்.

எப்போது நிறுத்தினார்?

1912 புத்தாண்டு தினத்தில், 33 வயதில், ரேஞ்சர்ஸுக்கு எதிராக இன்னொரு ஹாட்ரிக் போட்டார். செல்டிக் 3-0. 1911, 1912 இரண்டு வருடமும் கோப்பையும் கிடைத்தது. ஆனால் முழங்கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. அன்றைக்கு இன்றைய மாதிரி அறுவை சிகிச்சை, ஸ்கேன் எல்லாம் இல்லை. கட்டுப் போடுவார்கள், ஓய்வு எடுக்கச் சொல்வார்கள், வலி குறைந்ததும் அடுத்த சனிக்கிழமை இறக்கிவிடுவார்கள். கடைசி மூன்று பருவங்களில் அவர் ஆடிய ஆட்டங்கள் குறைந்துகொண்டே போயின. 1915 ஜனவரியோடு முடிந்தது.

அதற்குப் பிறகு என்ன ஆனார்? மேனேஜர் ஆனாரா?

இல்லை. மேடையில் பேசவோ, பத்திரிகையில் எழுதவோ, கிளப்பில் பதவி கேட்கவோ அவருக்கு இஷ்டம் இருக்கவில்லை. க்ராய் சுரங்கத்துக்கே திரும்பிப் போனார். பதினான்கு வருடம் ஆயிரக்கணக்கானோர் பெயர் சொல்லிக் கத்திய மனிதர், பழையபடி விளக்கை எடுத்துக்கொண்டு அண்டை வீட்டுக்காரர்களோடு கரி வெட்டப் போனார். 1945 நவம்பர் 20 அன்று அதே ஊரில் இறந்தார். வயது 67.

கிளாஸ்கோவில் குவீன் ஸ்ட்ரீட் நிலையத்தில் எடின்பரோ ரயில் ஏறினால் க்ராய் வழியாகத்தான் போகும். சுரங்கங்களை எப்போதோ மூடிவிட்டார்கள்.